உயிர் உண்டு, ஊர் இல்லையா?



அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் பாதையை நம் வட்டாரத் தோழர்கள் நன்கறிவர். இரு மருங்கும் கரிசல். மழை பெய்தால் களி, பெய்யாவிட்டால் வெடிப்பு. குண்டாற்றில் நீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கண்மாய் பெருகினால் நெல். பெருகாவிட்டால் கம்பும் சோளமும் பருத்தியும் மல்லியும். அவையும் பொய்த்தால் சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுக் கஞ்சி காணவேண்டும். வானம் பார்த்த பூமி என்று இதற்குப் பெயர். அந்த வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன மக்கள், கடலை நோக்கி நடந்தார்கள். அவர்கள் கதையையும், அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று நம் ஊரருகே ஊரற்றவராய் நிற்கும் கதையையும் எடுத்துரைக்கவே இக்கட்டுரை.

இலங்கை மலைகளில் வெள்ளைத் துரைமார் முதலில் காப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிட்டனர். காட்டை அழிக்கவும் கொழுந்து பறிக்கவும் ஆள் வேண்டியிருந்தது. இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சிச் சீமைகளின் வறண்ட கிராமங்களில் ஆள் இருந்தது, சோறு இல்லை. 1876 முதல் 1878 வரை நாட்டை உலுக்கிய தாது வருஷப் பஞ்சம், கங்காணிக்கு வேலையை எளிதாக்கிற்று. முன்பணம் கொடுத்தான், கடனை மாட்டினான், கடன் தீர்ந்தாலன்றி வேறு தோட்டத்திற்குப் போகமுடியாதபடி 'துண்டு' என்னும் சீட்டால் கட்டினான். மண்டபத்தில் முகாம் அமைத்து, மருந்து தெளித்து, மந்தையை எண்ணுவதுபோல் எண்ணிக் கப்பலேற்றினார்கள். மலையைத் தோட்டமாக்கியவன் தமிழன். தோட்டத்தை உடைமையாக்கிக் கொண்டவன் துரை!

பிறந்த நாட்டில் பறித்தார்கள்

1948 பிப்ரவரி 4-இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே நவம்பரில் நடைமுறைக்கு வந்த 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம், தோட்டத் தொழிலாளியைப் பார்த்து, "உன் தந்தை இங்கே பிறந்தானா? சான்று காட்டு! இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு!" என்று கேட்டது. லயத்து அறையில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு ஏது? ஏறத்தாழ ஏழு லட்சம் மக்கள் ஒரே சட்டத்தால் நாடற்றவராயினர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசின் எழுவர் வென்று பாராளுமன்றம் சென்றதே அவர்கள் செய்த பெருங்குற்றம். 1949-இல் வாக்குரிமையும் பறிபோயிற்று.

காலத்தின் கேலியைப் பாருங்கள்! இலங்கைச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஒரு திங்கள்கூட நிறையாத 1948 டிசம்பர் 10 அன்றுதான், பாரிசில் கூடிய ஐக்கிய நாடுகள் அவை, மனித உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டது. ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு நாட்டுரிமை உண்டு என்று அதன் 15-ஆவது பிரிவு அறிவித்தது. பாரிசின் ஓசை நுவரெலியாவின் லயங்களுக்கு எட்டவேயில்லை!

வழக்காடாமலும் இல்லை. சிறுபான்மை இனத்தைக் குறிவைத்துப் பாதகமான சட்டம் இயற்றலாகாது என்று இலங்கையின் அன்றைய அரசியல் சாசனமே, 29-ஆவது பிரிவில் சொல்லியிருந்தது. அதைப் பற்றிக்கொண்டு, வாக்காளர் பட்டியலில் பெயர் கேட்ட கோடகன் பிள்ளையின் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1953-இல் தீர்ப்பு வந்தது. தன் குடிமக்கள் யாவர் என்று வரையறுப்பது ஒரு நாட்டின் உரிமை. இச்சட்டம் ஓர் இனத்தைக் குறிவைத்ததாகக் கொள்ள இயலாது என்று மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டனர் இலண்டன் நீதிமான்கள். சட்டத்தின் சொற்களில் இனத்தின் பெயர் இல்லையாம்! விளைவில் அந்த இனத்தவரைத் தவிர வேறெவரும் அவ்வளவு பெருந்தொகையாய் வீழ்த்தப்படவில்லை என்பதைக் காண அவர்கள் கண் மறுத்தது. இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டன. 1964 வரையில் ஏற்கப்பட்டோர் சுமார் 1,34,000 பேரே.

1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் கையெழுத்திட்டனர். 9,75,000 மக்கள், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை லட்சத்தைப் பின்னர் பார்த்துக்கொள்வது. 1974-இல் அதையும் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டவரை ஒரு சொல் கேட்டார்களா? உன் மகள் எங்கே, உன் தாயின் கல்லறை எங்கே, நீ எங்கே வாழ விரும்புகிறாய் என்று கேட்டார்களா? பாகப்பிரிவினையில் பசுவும் பாத்திரமும் பங்கிடப்படுவதுபோல் மனிதர்கள் பங்கிடப்பட்டார்கள். அந்த ஏற்பாட்டின்படி நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாயகம் திரும்பினர். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள், நூற்பாலைகள், ரெப்கோ வங்கி எனச் சில ஏற்பாடுகளும் நடந்தன.

திரும்பாதோர்? அவர்களிடந்தான் இன்றைய சிக்கல் இருக்கிறது. இந்தியாவுக்கென எழுதப்பட்டவர் அனைவரும் வந்து சேருமுன் 1983 ஜூலைக் கலவரம் மூண்டது. 1984-இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. கப்பலில் முறையாக வந்திருக்கவேண்டியவர்கள், வீடு எரிந்தபின் தோணியில் வந்தார்கள். கப்பலில் வந்தவன் குடிமகன். தோணியில் வந்தவன் அகதி! கப்பலை நிறுத்தியது யார்? அவனா?

நம் ஊரருகே

1983 முதல் 2012 வரை தமிழகத்துக்கு வந்தோர் மூன்று லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பினர்; பலர் வேறு நாடு சென்றனர். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்கு இது: 108 முகாம்களில் 18,944 குடும்பங்கள், 58,822 பேர், முகாமுக்கு வெளியே 34,087 பேர். அருப்புக்கோட்டைப் பக்கம் குல்லூர்சந்தையிலும், திருச்சுழித் தொகுதியில் மல்லாங்கிணறிலும் முகாம்கள் இருப்பதை நீங்கள் கண்ணாரக் கண்டிருக்கிறீர்கள். அவர்களுள் வடக்கு கிழக்கிலிருந்து வந்த ஈழத்தமிழரும் உண்டு. மலையகத்திலிருந்து வந்தோரும் உண்டு. மலையகத்தாரில் சிலரின் பாட்டன் பூட்டன் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் ஏதோ ஒரு கண்மாய்க்கரையிலிருந்து புறப்பட்டவராய் இருந்தால் அதில் வியப்பேதும் இல்லை. போகும்போது 'இந்தியக் கூலி'. வந்தபின் 'இலங்கை அகதி'. இரு கரையிலும் அவனுக்கு அந்நியன் என்றே பெயர்!

நன்றி மறப்பது நம் பண்பன்று. மாநில அரசு 2021-இல் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. 7,469 வீடுகளைக் கட்டித்தர முன்வந்தது. உதவித்தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாக உயர்த்தியது. அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பாராட்டுகிறோம். ஆயினும் வீடு வேறு, குடி வேறு. புதுச்சுவருக்குள் இருப்பவனும் கணக்கெடுப்பு நாளன்று வரிசையில் நிற்கத்தான் வேண்டும். வண்ணம் பூசும் தொழிலில் ஊராரின் வீடுகளையெல்லாம் அழகு செய்பவன், தன் பெயரில் ஒரு சென்ட் நிலம் வாங்கமுடியாது. அவன் மகள் எவ்வளவு படித்தாலும் சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப்போடமுடியாது. குடியுரிமை மத்தியப் பட்டியலில் உள்ள அதிகாரம். கலெக்டர் மனுவை வாங்கலாம். தருவதும் மறுப்பதும் டில்லி!

சட்டத்தின் சுருக்குக் கயிறு

சுருக்கு எங்கே இருக்கிறது என்பதைத் தோழர்கள் தெளிவாக அறியவேண்டும். 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினர் பதிவுமுறையில் குடியுரிமை பெற வழிவிட்டது. 2003-இல் திருத்தினார்கள், 2004 டிசம்பர் 3-இல் அது நடைமுறைக்கு வந்தது. முறையான கடவுச்சீட்டின்றி வந்தவன் 'சட்டவிரோதக் குடியேறி'; அவனுக்குப் பதிவும் இல்லை, இயற்குடியுரிமையும் இல்லை என்றார்கள். தீயிலிருந்து ஓடிவருபவன் கடவுச்சீட்டு அலுவலகத்தில் கியூ நின்றுவிட்டா வருவான்?

பிள்ளைகளையாவது விட்டார்களா? 1987 ஜூலை 1-க்கு முன் இந்நாட்டில் பிறந்தால் குடிமகன். அதற்குப்பின் என்றால் பெற்றோரில் ஒருவர் இந்தியராய் இருக்கவேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், ஒருவர் இந்தியராய் இருந்தாலும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாய் இருக்கக்கூடாது. ஆகவே, முகாம் இளைஞனை நம்மூர்ப் பெண் மணந்து, நம்மூர் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றாலும், அப்பிள்ளை இந்தியன் அன்று! தாய் இந்நாட்டவள், பிறந்த மண் இந்நாடு, பேசும் மொழி தமிழ்; பிள்ளை மட்டும் அந்நியன்!

2019-இல் மற்றொரு திருத்தம் வந்தது. பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த, முஸ்லிம் அல்லாத ஆறு சமயத்தாருக்குச் சுருக்கு அவிழ்க்கப்பட்டது. இலங்கையைக் காணோம்! முஸ்லிமை மதத்தின் பெயரால் விலக்கியவர்கள், ஈழத்து இந்துவையும் கிறிஸ்தவனையும் நாட்டின் பெயரால் விலக்கினார்கள். 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றம் அத்திருத்தத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2024 மார்ச் 11-இல் டில்லி அதற்கான விதிகளை வெளியிட்டது. சட்டமன்றத்தின் குரல் டில்லியில் எவ்வளவு கேட்கும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நீதிமன்றத்தின் வாயிலில்

அகதிகளுக்கென ஒரு சட்டம் இந்நாட்டில் இல்லை. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. முறையிடத் தனித் தீர்ப்பாயமும் இல்லை. எஞ்சியிருப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு ஒன்றே. உயிரையும் உடல் உரிமையையும் காக்கும் அப்பிரிவு 'குடிமகன்' என்று சொல்லாமல் 'எந்த ஆளையும்' என்று சொல்கிறது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அருணாசலத்துச் சக்மாக்கள் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் காப்புப் பெற்றனர். அவர்களை வலிந்து வெளியேற்றலாகாது என்று கூறிய நீதிமன்றம், அவர்தம் குடியுரிமை மனுக்களை முறைப்படி மேலிடத்துக்கு அனுப்பவும் பணித்தது. அதன் பின்னும் 19 ஆண்டுகள் கழித்து, 2015-இல் மீண்டும் உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க வேண்டுமே!

2019 ஜூனில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், முகாம்வாழ் வம்சாவளித் தமிழர் 65 பேரின் மனுவில், இவர்களைப் பிற சட்டவிரோதக் குடியேறிகளோடு ஒன்றாய் வைத்து எண்ணலாகாது என்றும், நெடுங்காலம் முகாமில் அடைபட்டு வாழ்வது 21-ஆவது பிரிவுக்கு ஒவ்வாதது என்றும் கண்டு, புதிதாக மனுப்போடச் செய்து மத்திய சர்க்கார் முடிவெடுக்கவேண்டும் எனப் பணித்தார். 1987-க்கு முன் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 2022-இல் அதே கிளையில் கடவுச்சீட்டுக்கு ஆணை பெற்றார். 2024 ஏப்ரல் 19-இல் வாக்குச்சாவடியில் விரலில் மையும் பெற்றார். மகிழ்கிறோம். ஆனால் அவருக்குப்பின், ஓராண்டோ ஈராண்டோ கழித்து, அதே முகாமில், அதே கூரையின்கீழ் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த மை இல்லை! வழக்கு ஒருவரைக் கரையேற்றும். சட்டமே ஊரைக் கரையேற்றும். இவ்வேறுபாட்டை மறந்து, "நீதிமன்றம் இருக்கிறதே" என்று கைகட்டி இருப்போர், கிணற்றில் வீழ்ந்த நூறுபேருக்கு ஒற்றைக் கயிற்றைக் காட்டுகிறவர்கள்.

2025 மே 19-இல் டில்லியிலிருந்து வேறொரு குரல் வந்தது. தண்டனை பெற்ற இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவைத் தள்ளுகையில், உலகத்து அகதிகளையெல்லாம் ஏற்க இந்தியா ஒன்றும் தர்மசாலை அன்று என்றும், இங்கே குடியமரும் உரிமை 19-ஆவது பிரிவின்படி குடிமகனுக்கே உரியது என்றும் உச்ச நீதிமன்ற அமர்வு வாய்மொழியாகக் கூறிற்று. சட்டத்தின் எழுத்தை நாம் மறுக்கவில்லை. அதன் பொருளைத்தான் சீர்தூக்குகிறோம். 21-ஆவது பிரிவு, "உயிரோடு இரு" என்கிறது. 19-ஆவது பிரிவு, "குடியிராதே" என்கிறது. இரண்டுக்கும் இடையே நாற்பதாண்டு முகாம்!

தர்மசாலையைப் பற்றி இச்சீமைக்கு எவரும் பாடம் சொல்லவேண்டியதில்லை. சேது யாத்திரைச் சாலை நெடுகச் சேதுபதிகள் சத்திரம் கட்டிய நாடு இது. சத்திரத்தில் வழிப்போக்கன் சில நாள் தங்குவான், போவான். ஆனால் சத்திரத்திலேயே பிறந்து, சத்திரத்திலேயே மணந்து, சத்திரத்திலேயே பேரன் கண்டு, சத்திரத்திலேயே மாண்டவனை வழிப்போக்கன் என்பது எந்த ஊர் நியாயம்? சீமைக் கருவேல் கடல்கடந்து வந்த செடி. மனுவின்றி, சான்றின்றி, நம் கண்மாய் முழுதும் குடியேறிவிட்டது. இம்மண்ணின் வித்து கடல்கடந்து மீண்டால், அதற்கு மட்டும் இங்கே வேர்விட அனுமதி இல்லை!

மறுப்போர்க்கு மறுமொழி

"மனித உரிமை என்று முறையிட்டால் தங்கிவிடலாம் என்றாகிவிட்டால், எல்லோரும் வருவார்களே" என்பர் சிலர். இவ்வாதம் பிரிட்டனிலும் ஓயாது கேட்கிறது. அங்கே நடந்ததைப் பாருங்கள். 1988-இல் பிரிட்டன் திருப்பியனுப்பிய தமிழர் ஐவர், அங்கிருந்தே மேல்முறையீடு செய்து வென்று, மறுபடி பிரிட்டன் வந்தனர். அவர்களே 1991-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் தோற்றனர். 2008-இல் வேறொரு தமிழர், திருப்பியனுப்பினால் கொடுமைக்குள்ளாவார் என்று அதே நீதிமன்றத்தில் வென்றார். ஒவ்வொருவர் கதையையும் தனித்தனியே எடைபோட்டார்கள். ஒருவன் தோற்றான், ஒருவன் வென்றான். முறையீடு என்பது திறந்த மதகன்று. அளந்து விடும் மடை. இங்கோ மடையும் இல்லை, அளவும் இல்லை. தேக்கி வைத்த நீர் நாற்பதாண்டாய்ப் பாசி பிடிக்கிறது. மேலும், நாம் கேட்பது வரப்போகிறவர்களுக்காக அன்று. வந்து, பதிவு செய்து, எண்ணப்பட்டு இருப்பவர்களுக்காக.

"140 கோடிப் பாரத்தில் இவர்களும் பாரமா?" என்பர். இந்தத் தொண்ணூறாயிரம் பேர் இன்று வானத்திலிருந்து இறங்கவில்லை. நம் ஆலையிலும் சாலையிலும் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்பு பாரமில்லை, உரிமை மட்டும் பாரமா?

"1991-ஐ மறந்தீரா?" என்பர். மறக்கவில்லை. திருப்பெரும்புதூரில் நடந்தது கொடுங்குற்றம். குற்றவாளிகளைச் சட்டம் விசாரித்தது. ஆனால் அதற்குப்பின் பிறந்த குழந்தை எக்குற்றம் செய்தது?

நாம் மதித்து விடை சொல்லவேண்டிய வாதம் ஒன்று உண்டு. "இங்கே குடியுரிமை தந்தால், அங்கே ஈழத்தமிழரின் எண்ணிக்கை குறையும், அவர் நிலத்தை அயலார் விழுங்குவர்" என்று தமிழ்ப்பற்றுள்ளோரே சொல்கின்றனர். அக்கவலை மெய்யானது. விடை, கட்டாயம் வேண்டாம் என்பதே. திரும்ப விரும்புவோர்க்குப் பத்திரமும் பயணமும் பழைய நிலமும் கிடைக்க வழிசெய்க. இருக்க விரும்புவோர்க்குக் குடியுரிமை தருக. 1964-இல் கேட்காமல் பங்கிட்டார்கள்; இம்முறையாவது கேட்டுச் செய்யுங்கள் என்கிறோம். ஒரு கொள்கையின் கணக்குக்காக மனிதனை முகாமில் அடகு வைப்பது கொள்கைக்கே இழுக்கு.

நாம் செய்யவேண்டுவன

2025 செப்டம்பர் 1-இல் மத்திய சர்க்கார் ஓர் ஆணை பிறப்பித்தது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழ் அகதிகளுக்குக் கடவுச்சீட்டு, விசா இன்மை குறித்த சட்டப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. நல்லது. குற்றம் என்ற பழி நீங்கிற்று, குடியுரிமை வரவில்லை. காகிதமின்றி இருப்பதற்காக இவனைத் தண்டிக்கவேண்டியதில்லை என்று தானே ஒப்பிய சர்க்கார், குடியுரிமைச் சட்டத்தில் மட்டும் இவனைச் 'சட்டவிரோதி' என்று வைத்திருப்பது எந்த நியாயம்? ஒரு கையால் பூட்டைத் திறந்து, மறு கையால் தாழ்ப்பாளைப் போடுவதா?

ஆதலின் நம் கோரிக்கைகள் தெளிவானவை. அந்த விலக்கைக் குடியுரிமைச் சட்டத்துக்குள்ளும் கொண்டுவருக. 1964, 1974 ஒப்பந்தங்களின்கீழ் இந்தியா ஏற்றுக்கொண்டு, போரால் வர இயலாது போன குடும்பங்களின் கடனைத் தீர்த்திடுக. இம்மண்ணில் பிறந்த பிள்ளைகளைத் தேதி பார்த்துப் பிரிக்காமல் ஏற்றுக்கொள்க. அகதிகளுக்கு ஒரு சட்டமும், முறையிட ஒரு தீர்ப்பாயமும் அமைத்திடுக.

தோழர்களே, கோரிக்கை டில்லிக்கு, பணி நமக்கு. முகாமில் ஒவ்வொரு குடும்பத்தின் தகரப் பெட்டியிலும் ஒரு பழைய காகிதம் இருக்கக்கூடும். தோட்டத்துப் பதிவுச் சீட்டு, ஒப்பந்தக் காலத்து விண்ணப்பத்தின் நகல், பாட்டன் பெயரெழுதிய கடவுச்சீட்டு, மண்டபத்தில் வழங்கிய பதிவு அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்று! கறையான் தின்னுமுன் அவற்றை எடுத்துப் பிரதி எடுக்க உதவுங்கள். எழுதத் தெரிந்த தோழர் மனு எழுதட்டும். வழக்கறிஞர் தோழர் வாரம் ஒருநாள் ஒதுக்கட்டும். பாட்டனின் ஊர்ப்பெயர் மட்டும் அறிந்த குடும்பம் இருந்தால், அவ்வூர்க் கிளைத் தோழர்கள் பெரியவர்களைக் கேட்டு உறவைத் தேடிப் பார்க்கட்டும். கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்த ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள்; மறுக்கப்பட்ட மனுவும் மேல்முறையீட்டுக்கு ஆதாரம்.

வாக்கில்லாத மக்களுக்கு உழைப்பதால் என்ன லாபம் என்று கேட்பான், தேர்தல் கணக்கன் ஒருவன். அவனுக்குச் சொல்லுங்கள்: வாக்குள்ளவன் பின்னால் எல்லாக் கட்சியும் போகும், வாக்கில்லாதவன் பின்னால் போவதற்குத்தான் கொள்கை வேண்டும். கரிசல் மண்ணிலிருந்து கடலுக்கு அப்பால் போய், இரு நாட்டுச் சட்டங்களாலும் உதைக்கப்பட்டு, நம் கண்மாய்க்கரைக்கே மீண்டு வந்திருப்போர் அவர்கள். அவர்களுக்கு ஊர் பெற்றுத் தருவது நம் கடன். கடனைத் தீர்க்கப் புறப்படுவோம், வாரீர்!